ஒடியலுக்கு முள் எடுத்த கதை

ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் எட்டு மேடைகள். எந்த மேடையில் இறங்கினாலும் ஒரு தமிழராவது அகப்படுவார். அவரிடம், "ஐயா, பரமட்டா ரயில் எத்தனையாம் மேடை?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லிவிட மாட்டார். "தம்பி எந்த ஊர்?" "ஊரில எவடம்?" "கோயிலடியோ, சந்தையடியோ?" "ஆற்ற மோன்?" இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மேடை எண் வெளிவரும். அதற்குள் பரமட்டா ரயில் பரமட்டாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வழக்கத்தை முப்பது வருடமாகக் கேலி செய்து வந்தவன் நான். போன ஆடியில் ஒரு பானை கூழ் என் வாயை அடைத்தது.

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். சிட்னியில் அது பல் கிட்டும் குளிர்காலம். எங்கள் 304 சீட்டாட்டக் கோஷ்டி, "இந்தக் குளிருக்கு ஒடியல் கூழ் குடிச்சால் எப்பிடி இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டது. கையில் நல்ல சீட்டு இருந்த தைரியத்தில், "வாற சனிக்கிழமை என்ர வீட்டில" என்று சொல்லிவிட்டேன். மனைவியோ மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மெல்பேர்ன் போயிருந்தாள். அவளிடம் கேட்டால் என் வீரம் மெல்பேர்ன் முழுக்கப் பரவிவிடும். ஆகவே, பேத்தி என் போனில் இறக்கித் தந்திருந்த செயற்கை நுண்ணறிவிடம் போனேன். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்த பிறகு இப்படிப் பல பேச்சுப்பொறிகள் பிறந்துவிட்டன. என் போனில் இருப்பது எது என்று சொல்ல மாட்டேன். அதற்கும் மானம் இருக்கும்.

"கூழ் காய்ச்சுவது எப்படி?" என்று தட்டினேன். மூன்று விநாடியில் கேழ்வரகு மா, மோர், சின்ன வெங்காயம் என்று வந்து விழுந்தது. தமிழ்நாட்டில் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் வார்க்கும் கூழ். புண்ணியமான கூழ்தான். ஆனால் குசினித் தொட்டியில் மூன்று கிலோ நண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாழ்ப்பாணத்து ஆடிக் கூழ்" என்று திருத்தினேன். அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, பயறு வந்தன. பிழை சொல்ல முடியாது. ஆடிப்பிறப்புக்கு எங்கள் ஊரில் காய்ச்சும் இனிப்புக் கூழ் அதுவேதான். நண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

"விசரா, நண்டு போட்ட ஒடியல் கூழ்!" என்றேன். மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதியது: "முதலில் அரைக் கிலோ ஒடியலைச் செதில் நீக்கி, முள் எடுத்து, நன்றாகக் கழுவிக்கொள்ளவும்."

ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டது. அதை இடித்த மாவில்தான் கூழ் தடிக்கும். பனையில் முள் என்று ஏதும் இருந்தால் அது மட்டையின் கருக்கு. அதை எந்தப் பரம்பரையும் கூழில் போட்டதில்லை.

பேத்தியிடம் முறையிட்டேன். "தெரியாட்டி அது பேசாம இருக்காது, அப்பப்பா. அடுத்ததா என்ன சொல் வரும் எண்டு கணிச்சுக் கணிச்சுத்தான் எழுதும்" என்றாள். விளங்கிவிட்டது. நண்டு, இறால், மீன்தலை எல்லாம் நிற்கிற வரிசையில் ஒடியலும் நின்றால் அதுவும் மீன்தானே என்று துணிந்திருக்கிறது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை நம்பிக் கெட்டவன் நான் ஒருவன் மட்டுமல்ல. 2025இல் ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் நிறுவனம் இப்படியொரு பொறியின் துணையோடு எழுதிக் கொடுத்த, ஏறக்குறைய 440,000 டாலர் பெறுமதியான அறிக்கையில், உலகிலேயே இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக நின்றன. நீதிமன்றம் சொல்லாத வாசகமும் இருந்தது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவர்களுடைய ஒடியல் என்னுடையதைவிட விலை கூடியது.

"நீங்கள் உங்களைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லயே" என்றாள் பேத்தி. அங்கேதான் எனக்குச் சுட்டது. என் மனைவி, "அதை அதில வைச்சிட்டு மற்றதைக் கொண்டாங்கோ" என்பாள். நான் சரியான சட்டியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, சரியான மூடியோடு வருவேன். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் 42 வருடத் தாம்பத்தியம் நிற்கிறது. இயந்திரத்துக்கும் எனக்கும் பழக்கம் அரைமணி நேரம்.

குறுக்குவழி உண்டா என்று விசாரித்தேன். மந்திரங்கள் இருந்தனவாம். "படிப்படியாக யோசிப்போம்" என்று ஒரு வரி சேர்த்ததும், ஒரு கணக்குத் தேர்வில் 17.7 விழுக்காடாக இருந்த சரியான விடைகள் 78.7க்கு ஏறியதை 2022இல் டோக்கியோப் பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கூகுள் டீப்மைண்ட் செய்த ஆய்வில், "மூச்சை ஆழமாக இழு" என்று தொடங்கும் கட்டளை முன்னுக்கு வந்தது. மூக்கில்லாத பிறவிக்குப் பிராணாயாமம்! இப்போதைய பொறிகள் சொல்லாமலே யோசித்துக்கொள்வதால் மந்திரங்களுக்கு மவுசு குறைந்துவிட்டது. மரியாதையாகக் கேட்டால்? அதற்கும் செலவு. "தயவுசெய்து", "நன்றி" என்று சனங்கள் எழுதுவதால் எவ்வளவு மின்சாரக் காசு போகிறது என்று 2025இல் ஒருவர் கேட்க, கோடிக்கணக்கான டாலர், ஆனாலும் நல்ல செலவுதான் என்றார் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன். வீட்டுக்குள் ஒருநாளும் நன்றி சொல்லிப் பழகாத நம்மால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை.

கடைசியில், மேடையில் நின்று ஊர்க்காரரோடு கதைப்பதுபோல் எழுதினேன்: "நான் யாழ்ப்பாணத்தான். வயது 71. தேநீருக்கு மேல் சமைத்ததில்லை. சிட்னியில், சனிக்கிழமை மத்தியானம், எட்டுப் பேருக்குக் காரமான ஒடியல் கூழ் வேண்டும். ஒடியல் பனங்கிழங்கு, மீன் அல்ல. கையில் ஒடியல் மா, மூன்று கிலோ நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், புளி உண்டு. எது முதல், எது பிறகு என்று வரிசையாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்." பேத்தி எட்டிப் பார்த்து ஒரு வரி கூட்டினாள்: "பதில் சொல்ல முன், உனக்கு ஏதும் அறிய வேண்டுமென்றால் என்னைக் கேள்."

கேட்டது! பானை எவ்வளவு பெரியது? மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்தாயிற்றா? எட்டுப் பேரில் யாருக்காவது நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதா?

மூன்றாவது கேள்வியில் என் விரல் நின்றது. எங்கள் கோஷ்டியில் ஒருவருக்கு நண்டின் ஒரு கால் உள்ளே போனாலே முகம் வீங்கிவிடும். 15 வருடம் பக்கத்தில் இருந்து சீட்டு விளையாடியும் அதை மறந்திருந்தேன். அவருக்கு வேறு சட்டியில் மரக்கறிக் கூழ் ஆயிற்று. ஊர் கேட்காமல் வழி சொல்லாத அந்த மேடை மனிதரை மனதுக்குள் கும்பிட்டேன்.

ஆகவே வாசகரே, இந்தப் பொறியிடம் எதையும் கேட்குமுன் உங்கள் ஊரைச் சொல்லுங்கள், கையில் இருப்பதைச் சொல்லுங்கள், அதையும் நாலு கேள்வி கேட்க விடுங்கள்.

கூழ் எப்படி வந்தது என்கிறீர்களா? நன்றாகவே வந்தது. உப்பு மட்டும் காணாது. "தேவையான அளவு உப்பு" என்று அது எழுதியிருந்தது. யாருடைய தேவை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.