தட்டு மாறின கல்லு

வாத்தியார் தம்பி, உங்க குரலைப் பத்திக் குறையே சொல்ல முடியாது. நீங்க நடத்துற அல்ஜீப்ரா என் வீட்டுத் திண்ணை வரைக்கும் கணீர்னு கேக்குது. ஊருக்கே இலவசக் கல்வி!

"பக்கம் மாறினா குறி மாறும்"னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தீங்க பாருங்க, அடடா. எக்ஸ் + 5 = 12 வந்தா, 5 அந்தப் பக்கம் தாவி மைனஸ் ஆயிடும். எக்ஸ் 7. என் பேரன் தூக்கத்துலகூட ஒப்பிக்கிறான். மறுநாள் 3 எக்ஸ் = 12 கொடுத்தீங்க. அவன் 3-ஐ அந்தப் பக்கம் அனுப்பி, குறியை மாத்தி, 12 - 3 = 9னு எழுதிட்டான். நீங்க சிவப்பு மையால கோடு கிழிச்சீங்க. பய மேல என்னய்யா தப்பு? மாறும்னீங்க, மாத்தினான்.

நான் கடலை மண்டியில தராசு பிடிச்சவன். ரெண்டு தட்டும் சமமா நிக்கிறப்ப, இதுல இருக்கிற 5 கிலோ கல்லைத் தூக்கி அதுல வெச்சேன்னா அந்தத் தட்டு தரையைத் தொடும், வியாபாரி கை என் சட்டையைத் தொடும். இதுல 5 எடுத்தா அதுலயும் 5 எடுக்கணும். ஒரே மாதிரி 3 பை 12 கிலோ கல்லுக்குச் சமமா நின்னா, ரெண்டு தட்டையும் மூணாப் பங்கு வை. பை 4 கிலோ. இதுல எது எங்க தாவுச்சு?

சமக்குறியைப் போட்டவரு ராபர்ட் ரெக்கார்டுன்னு ஒரு வேல்ஸ்காரராம். வைத்தியரு. பி.எட். படிக்கிற பேத்தி சொன்னா. ஒரே நீளத்துல ரெண்டு கோடு, இதைவிடச் சமமா எது இருக்குன்னு 1557-ல எழுதி வெச்சாரு. அடுத்த வருசமே ஜெயில்ல செத்தும் போனாரு, பாவம். நம்ம பிள்ளைங்களுக்கு அந்தக் குறின்னா "விடை வருது, வழி விடு"ன்னு அர்த்தம். நம்பலைன்னா 8 + 4 = __ + 5னு எழுதிப் போடுங்க. கோடிட்ட இடத்துல 12 எழுத ஆள் இருக்கும்.

விடையைத் திரும்ப வெச்சுப் பாக்கவும் சொல்லுங்க சாமி. 12 வர வேண்டிய இடத்துல மூவொம்பது 27 வந்து நின்னா, பேரன் தானே அழிச்சிருப்பான். உங்க சிவப்பு மையும் மிச்சம்.

இன்னொண்ணு. நீங்க போடுற கணக்குக்கெல்லாம் விடை முழு எண்ணாவே வருதே, ஏன்? பயலுக 2, 3, 4ன்னு வரிசையா வெச்சுப் பாத்தே கண்டுபிடிச்சிடுறானுக. நாளைக்கு 4 எக்ஸ் = 10 போடுங்க. "சார், கணக்கு தப்பு"ன்னு எத்தனை கை தூக்குதுன்னு திண்ணையிலிருந்தே எண்ணிச் சொல்றேன்.