பிராசஸர் தேர்வியல்: பாயிரம் முதல் புறனடை வரை

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை நூல் என்று கொள்வதில்லை என்பது முன்னோர் துணிபு. ஆகவே இவ்வாய்வின் எல்லை முதலில் கூறப்படுகிறது: ஒரு பக்கம் அண்ணா சாலை, மறுபக்கம் கூவம், இடையில் சென்னை ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும். நுதலிய பொருள்: ஏறக்குறைய 50,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி கட்டுவோர் எந்தப் பிராசஸரை வாங்குவது என்பது. கேட்போர்: செமஸ்டர் விடுமுறையில் இருக்கும் மாணவர்கள், உடன், கருத்துச் சொல்வதற்கென்றே கடைக்கு வரும் அவர்தம் நண்பர்கள். பயன்: அந்த நண்பர்கள் பின்னாளில் "அப்பவே சொன்னேன்ல மச்சான்" என்று சொல்ல இடம் தராதிருத்தல்.

இத்துறையில் இரு சமயங்கள் உண்டு. நீலம், இன்டெல், 1968-ல் தோன்றியது. சிவப்பு, ஏஎம்டி, 1969-ல் தோன்றியது. இரண்டின் மூலவர்களும் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். இச்செய்தி அடியார்களின் வாதத்தை எவ்வகையிலும் தணித்ததில்லை.

ஆய்வின் முடிபு இங்கேயே வெளியிடப்படுகிறது: வாதத்தில் பெரும்பங்கு பிராசஸருக்கும், பணத்தில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போக வேண்டும். சான்றுகள் இனி வருமாறு.

1. பெயரியல்

கோர் ஐ5-12400எஃப் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் ஐ5 குலம். 12 தலைமுறை. 400 அத்தலைமுறைக்குள் அதன் படிநிலை. எஃப் விகுதி.

ஆபத்து விகுதியில் இருக்கிறது. எஃப் என முடியும் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனவர் பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ரைசன் பழைய வரிசைகளில் ஜி விகுதி இதற்கு நேர்மாறு. 2018 பிப்ரவரியில் 99 டாலருக்கு வந்த ரைசன் 3 2200ஜி தன்னுள்ளேயே வேகா கிராஃபிக்ஸைச் சுமந்து, கார்டு வாங்க வழியில்லாத ஒரு தலைமுறையை விளையாட வைத்தது. கே என்ற விகுதி ஓவர்கிளாக் செய்ய உரிமை தருவது. ஐம்பதாயிரம் ரூபாய் இலக்கியத்தில் அது அருகியே பயிலும்.

அடுத்து, தலைமுறை கூறாது குலம் மட்டும் கூறல் என்னும் குற்றம். செகண்ட் ஹேண்ட் கடைகளில் இது மிகுதி. "ஐ7 மெஷின் தம்பி, சூப்பர் கண்டிஷன்" என்ற தொடரில் பொய் எதுவும் இல்லை, எண்தான் இல்லை. 2011-ல் வந்த ஐ7-2600 அன்று 294 டாலர். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் 97 டாலர். அதற்கும் நான்கு கோர், எட்டு த்ரெட். கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் இளையது வெகு தூரம் முன்னால் நிற்கிறது. மேலும், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசஸர்களின் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வேலரன்ட் ஆடுவோர் கவனிக்க: விண்டோஸ் 11-ல் அது டிபிஎம் 2.0 இல்லாத கணினியை உள்ளே விடாது.

மூன்றாவது, போலி உடன்பிறப்பு. ரைசன் 5 5500-உம் ரைசன் 5 5600-உம் ஒரே நாளில், 2022 ஏப்ரல் 4 அன்று, கடைக்கு வந்தவை. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். எண்ணில் நூறுதான் வேறுபாடு என்று கருதுவோர் உள்ளே பார்க்க வேண்டும்: 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி, 5500-ல் 16 எம்பி. கார்டோடு பேசும் பிசிஐஇ வழி முன்னதில் 4.0, பின்னதில் 3.0. கடைசி வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியாகப் படலாம். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஏழைகளுக்கென வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நான்கே தடங்களில் பேசுவது. பிசிஐஇ 3.0-ல் பொருத்தினால் அந்தத் தடங்களின் கொள்ளளவு பாதியாகி, பல கேம்களில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி விழும். மலிவு பிராசஸரும் மலிவு கார்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று இன்னும் மலிவாக்கிக்கொள்ளும் இந்நிகழ்வுக்கு இலக்கணிகள் இதுவரை பெயரிடவில்லை.

2. எண்ணியல்

எண் பெரிதானால் வேகம் பெரிது என்பது தொடக்கநிலை மாணவர் கொள்கை. 2004 நவம்பரில் வந்த பென்டியம் 4 ஒன்று 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 2022-இன் ரைசன் 5 5600 அடிப்படையில் 3.5-இல் ஓடி, தேவைப்பட்டால் 4.4 வரை ஏறும். கிகாஹெர்ட்ஸ் மட்டுமே வேகம் என்றால் பதினெட்டு ஆண்டுகளாகப் பொறியாளர்கள் சும்மா இருந்தார்கள் என்றாகும். ஒரு துடிப்புக்கு எத்தனை வேலை முடிகிறது என்பதில்தான் அவர்கள் உழைத்தார்கள். அந்த எண்ணைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை. இன்னொரு சான்று: ரைசன் 7 5800எக்ஸ்3டி தன் அண்ணன் 5800எக்ஸைவிடத் துடிப்பு குறைந்தது. ஆனால் கேஷ் 96 எம்பி, அண்ணனுக்கு 32. கேம்களில் தம்பியே முந்துகிறான்.

கோர் எண்ணிக்கையிலும் இதே சிக்கல். 2011-ல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசை எட்டு கோர் என்ற முழக்கத்தோடு வந்தது. கோர்கள் இரண்டிரண்டாக இணைந்து சில உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டதால், இவை எட்டா நான்கா என்று வாங்கியவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019-ல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. எண்ணியலில் இவ்வளவு விலை பெற்ற ஐயம் வேறில்லை.

எஃப்எக்ஸ் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஜிடிஏ ஆன்லைன் திறக்க ஆறு நிமிடம் ஆகிறதே என்று சலித்த ஒரு புரோகிராமர், 2021-ல் தன் எஃப்எக்ஸ்-8350 கணினியில் காரணத்தைத் தேடினார். எட்டில் ஒரே ஒரு கோர் மட்டும் நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கேமில் விற்கும் பொருள்களின் பட்டியல், சுமார் 10 எம்பி எழுத்துக்கோப்பு, படிக்கப்பட்ட விதம் அப்படி: ஒவ்வொரு சொல்லுக்கும் மீதிக் கோப்பின் நீளத்தை முதலிலிருந்து அளந்துகொண்டிருந்தது நிரல். அவர் திருத்திய பிறகு ஆறு நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாயிற்று. ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. அதுவரை உலகெங்கும் எத்தனை பேர் இதற்காகப் பிராசஸரை மாற்றினார்கள் என்பது ஆராயத்தக்கது.

இதற்கெல்லாம் விதி 1967-லேயே ஜீன் ஆம்டால் சொல்லிவிட்டார்: ஒரு வேலையில் பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு வரம்பு. ஆறு பேரை வைத்தாலும் பதினாறு பேரை வைத்தாலும் அந்தப் பகுதியை ஒருவர்தான் செய்தாக வேண்டும்.

அப்படியானால் இரண்டு கோர் போதுமே என்பாரை மறுத்தல்: 2014-ல் பென்டியம் ஜி3258 வந்தது. 72 டாலர், இரண்டு கோர், இரண்டே த்ரெட், ஓவர்கிளாக் செய்ய முழு உரிமை. பட்ஜெட் உலகம் கொண்டாடியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபார் க்ரை 4 வெளியானபோது, இரண்டு த்ரெட் கணினிகளில் கறுப்புத் திரையைத் தாண்டி அது நகரவில்லை. குறுக்கு வழிகள் பின்னர் வந்தன, கொண்டாட்டம் திரும்பவில்லை.

இன்றைய கணக்குக்கு உரைகல் கன்சோல்கள். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஏஎம்டியின் எட்டு ஸென் 2 கோர்கள். பெரிய கேம்கள் அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அதைவிட வேகமான கோர்கள் ஆறு இருந்தால் ஈடுகொடுத்துவிடும். நான்கு கோர் இன்றும் ஓடும். புதிய கேம்களில் அவ்வப்போது திக்கும்.

3. பொருத்தவியல்

பிராசஸருக்கும் போர்டுக்கும் பொருத்தம் பார்ப்பது கல்யாணப் பொருத்தம் பார்ப்பது போன்றதே: பத்தில் ஒன்பது கூடினாலும் விடுபட்ட ஒன்றைத்தான் பெரியவர்கள் பிறகு பேசுவார்கள்.

இன்டெல் குடியில் இது அடிக்கடி நேர்ந்தது. எல்ஜிஏ 1151 சாக்கெட் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு வந்தது. எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 தொடர்புப் புள்ளிகள், அதே அளவு. ஆனாலும் பழைய போர்டில் புதியது ஏற்கப்படவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டோ நீண்ட இல்லறம் நடத்தியது: 2017-ல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில், 2022-இன் 5600-ஐ பயாஸ் அப்டேட் செய்து உட்கார வைக்க முடிந்தது.

அப்டேட் என்பதில் ஒரு முரண் உண்டு. பழைய பயாஸ் உள்ள போர்டு புதிய பிராசஸரை அடையாளம் காணாது. பயாஸை மாற்றப் போர்டு ஓட வேண்டும். போர்டு ஓடப் பிராசஸர் வேண்டும். 2018-ல் 2200ஜி வாங்கியோர் இப்படிச் சிக்கியபோது ஏஎம்டி ஒரு வழி கண்டது. பழைய பிராசஸர் ஒன்றைக் கடனாக அனுப்பியது. அப்டேட் முடிந்ததும் திருப்பி அனுப்பச் சொன்னது. இன்று ரிச்சி தெருவில் இதற்கு எளிய சூத்திரம் உண்டு: "அண்ணா, பயாஸ் அப்டேட் பண்ணி, டிஸ்ப்ளே வர வெச்சுக் காட்டிருங்க."

ரேமும் இப்பொருத்தத்தில் அடங்கும். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும். 12400எஃப் அமரும் எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு, ஒரு வகைக்கு வாங்கியதில் மற்றது ஏறாது. 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ரேம் விலை எகிறியபோது, பிராசஸரில் மிச்சம் பிடித்ததை ரேமில் விட்டவர்கள் பலர்.

4. பொருளியல்

நொடிக்கு 60 காட்சி (எஃப்பிஎஸ்) வேண்டுமானால் ஒவ்வொரு காட்சிக்கும் 16.7 மில்லிநொடி, 144 வேண்டுமானால் 6.9. அந்த இடைவெளிக்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்கிட்டு, எதை வரைவது என்று பிராசஸர் சொல்ல வேண்டும். கார்டு வரைய வேண்டும். இருவரில் மெதுவானவர் வைத்ததே சட்டம். 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் அதைப் போல் நான்கு மடங்கு. புள்ளி கூடினால் சுமை கார்டுக்கு. எதிரியின் எண்ணிக்கை அப்படியே இருப்பதால் பிராசஸருக்குப் பெரிய மாற்றமில்லை.

இங்கே ஒரு மாயை களையப்பட வேண்டும். யூடியூபில் பிராசஸர்களை ஒப்பிடுவோர் ஊரிலேயே விலையுயர்ந்த கார்டைப் போட்டு, 1080பி-யில் ஓட்டுகிறார்கள். சோதனை முறை சரியே: கார்டு தடையாக நிற்காதபோதுதான் பிராசஸர்களின் வேறுபாடு தெரியும். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்து ஏங்குகிறவர் வாங்கப்போவது இருபதாயிரம் ரூபாய்க் கார்டு. சைபர்பங்க் 2077 போன்ற கேமில் அவருடைய கார்டு முதலில் களைத்துவிடும். ஐ5 இருந்தாலும் ஐ9 இருந்தாலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆடுவோர் விதிவிலக்கு. அவற்றில் பிராசஸரின் வேகம் எஃப்பிஎஸ்ஸில் நேரே தெரியும். தெரிவதைக் காண 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேண்டும் என்பதைப் பலர் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் முன் அமர்ந்து மறந்துவிடுகிறார்கள்.

நிதி நல்கும் குழுவைப் பற்றியும் கூறல் வேண்டும். குழுவின் தலைவர், உறுப்பினர், செயலாளர் எல்லாம் அப்பாவே. அவரிடம் சமர்ப்பிக்கப்படும் ஆய்வு முன்மொழிவின் தலைப்பு பெரும்பாலும் "கோடிங் கத்துக்கணும்பா" என்பது. "இருக்கிற லேப்டாப்புல கோடிங் வராதா?" என்ற குழுவின் வினாவுக்கு இத்துறை இலக்கியத்தில் ஏற்கத்தக்க விடை இல்லை. கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று அவர் கேட்கும் கேள்விதான் முழு விவாதத்திலும் பயனுள்ளது.

ஆகவே துணிபு: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அது 5600-ஆ 12400எஃப்-ஆ என்பதைச் சமயம் தீர்மானிக்க வேண்டாம். பிராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டி எது குறைகிறதோ அது. பணம் இறுக்கினால் 12100எஃப். மிச்சம் முழுவதும் கார்டுக்கு. மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உரியதை மட்டும் அதிலிருந்து தொடாமல் வைக்க.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதவை சில. பாக்ஸ் பிராசஸர் என்றால் 5600-க்கும் 12400எஃப்-க்கும் கூலர் உடன் வரும். டிரே பிராசஸர் விலை குறைவு, கூலர் தனிச்செலவு, வாரன்டியைக் கடைக்காரரிடம் பில்லில் எழுதி வாங்க வேண்டும். ஏஎம்4-ல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1,331. கூலரைக் கழற்றும்போது பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசஸரும் சாக்கெட்டை விட்டு ஒட்டிக்கொண்டு மேலே வரும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே கூலரை மெல்லத் திருகி எடுப்பது மரபு.

கேபினெட்டில் எரியும் வண்ண விளக்குகள் எஃப்பிஎஸ்ஸைக் கூட்டுமா என்பது மேலாய்வுக்குரியது. கூட்டும் என்போர், விளக்கு வாங்கியவர்கள். கூட்டாது என்போர், அடுத்த மாதம் வாங்கப்போகிறவர்கள்.