ரெட்டை நாற்காலி மரியாதை

பந்தலில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியைப் போல ஆளுக்கு ஆள் பேதம் பார்க்காத பொருள் வேறு கிடையாது. ஆணி இல்லை, திருகு இல்லை, ஒட்டு இல்லை. எல்லாம் ஒரே அச்சில் பிறந்தவை. முதுகில் வாடகைக் கடைக்காரர் பெயின்ட்டால் எழுதிய இரண்டு எழுத்துதான் குலம் கோத்திரம் எல்லாம்.

ரிஷிமூலம், நதிமூலத்தோடு நாற்காலி மூலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1946இல் கனடாவில் டி. சி. சிம்ப்சன் ஒரே துண்டாக ஒன்றைச் செய்து பார்த்தார். அது கடைக்கு வரவில்லை. 1960களில் இத்தாலியின் விக்கோ மாஜிஸ்ட்ரெட்டி செய்தது, உட்காரவே கூச்சம் வருகிற அளவுக்கு அழகு. 1972இல் பிரான்சில் ஆன்றி மாசொனே செய்த ‘ஃபோத்தேய் 300’தான் நம் பந்தல் நாற்காலியின் நேர் தாத்தா. பாலிபுரோப்பிலீன் குருணையைச் சுமார் 220 டிகிரியில் உருக்கி அச்சுக்குள் பீய்ச்சுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் நாற்காலி தயார். எங்கள் பெரியப்பா ஒரு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிக்க அதைவிட நேரமாகும்.

பெரியப்பாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் பந்தலுக்குள் நுழைந்தால் யாராவது ஒரு பையன் ஓடிப்போய் இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் போடுவான். தன் வயதுக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைப்பு. பையனுக்கு நாற்காலியின் பொறியியல் தெரியும். சில மில்லிமீட்டர் கனமே உள்ள பிளாஸ்டிக் மனிதரைத் தாங்குவதற்குக் காரணம், காலை மூலை மடிந்த வாக்கில் வார்த்திருப்பதுதான். முதுகில் இருக்கும் சந்துகளும் அலங்காரமல்ல. பிளாஸ்டிக் மிச்சம், காற்றும் வரும். ஆனால் வழுவழு டைல்ஸ் தரையில் பாரம் ஏறினால் பின்னங்கால்கள் மெல்ல விரியும். மொட்டை மாடி வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்ததாக இருந்தால் விரியாது, நேரே முறியும். இரட்டையாகப் போட்டால் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு மானத்தைக் காப்பாற்றும்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம், ஊர் அழகு கெடுகிறதென்று 2008இல் இந்த நாற்காலியைப் பொது இடங்களில் தடை செய்தது. 2017இல்தான் விட்டது. அதே 2017இல் பக்கத்திலேயே, ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் விட்ரா டிசைன் மியூசியம் இதற்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. தெருவில் இருந்தால் அசிங்கம், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனால் கலை!

நாம் தடையெல்லாம் போடுவதில்லை. ஒரு வெள்ளைத் துவாலையை முதுகில் போர்த்திவிடுவோம். அது சிறப்பு விருந்தினர் நாற்காலியாகிவிடும். ஓர் இலக்கிய விழாவில் துவாலை ஒன்று குறைந்துவிட்டது. மேடையில் எந்தக் கவிஞரும் துவாலை இல்லாத நாற்காலியின் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து பூப்போட்ட துண்டொன்று வந்து சேர்ந்த பிறகுதான் விழா தொடங்கியது. எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். உடனே தமிழ்த்தாய் வாழ்த்து என்று அறிவித்து எழுப்பிவிட்டார்கள்.