இரண்டு டேப் அண்ணாச்சி

தென்காசிப் பக்கம் எந்த சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போனாலும் ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சின் நடைபாதை ஓரத்தைப் பாருங்கள். அவர் இருப்பார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது தெரியாமல் போகும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகுகளைத்தான் பார்க்கலாம்; வெறும் முதுகை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது கஷ்டம். மூன்றாவது பெஞ்சில் உடம்பைக் கொஞ்சம் சரித்து உட்கார்ந்தால் பீடம், வாசல், பாடகர் குழு, பெண்கள் வரிசை நாலும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

பாவ அறிக்கை ஜெபத்தில் அவர் குரல் மற்றவர்களை விட ஒரு கட்டை மேலே நிற்கும். செய்யக்கூடாததைச் செய்தோம் என்று ஒத்துக்கொள்ளும் இடத்தில் பாடகர் குழுப் பையன்கள் மேல் ஒரு பார்வை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்னும் இடத்தில், காணிக்கைப் பைக்குச் சில்லறை துழாவுகிறவர் மேல் ஒரு பார்வை. அந்த ஜெபம் முழுக்க ‘நாங்கள்’ என்றுதான் இருக்கிறது. அண்ணாச்சி வாசிக்கும்போது மட்டும் அது ‘இவர்கள்’ என்று காதில் விழும்.

அவருக்கு ஒரு தொழில் வேண்டுமே. சில ஊர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சில ஊர்களில் மின்வாரியத்திலிருந்து வந்தவர். நம்மவர் மரக்கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். செங்கோட்டைச் சாலையில் பிரானூர் வரைக்கும் மர அறுவை மில்கள் இருக்கின்றன. சாரல் காலத்தில் அந்தப் பக்கம் போனால் ஈர மரத்தூள் வாசனை மூக்கில் ஏறும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அண்ணாச்சியைப் பற்றி முதன்முதலில் பேசியவரே தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர்.

மத்தேயு ஏழாம் அதிகாரத்தைச் சொல்கிறேன். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் போகிறவன் கதை. பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போது எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிறோம். நாசரேத்தூர்த் தச்சர் இதை மலையில் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேராவது சிரித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். கண்ணிலிருந்து ஒரு உத்திரம் நீட்டிக்கொண்டிருக்க, ஒருவன் குனிந்து, “அசையாதே தம்பி, துரும்பு இருக்கு” என்கிறான். அவன் தலையைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவன் தெருவில் விழுகிறான். மரம் சுமந்து பழகியவர்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கிற கதை இது.

அண்ணாச்சி சிரிக்க மாட்டார். கணக்குப் போடுவார். பதினாறு அடி நீளம், ஆறுக்கு நாலு அங்குலம் என்றால் ஒரு உத்திரம் இரண்டே முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. தேக்கென்றால் ஐம்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். இதே மரத்தை அண்ணாச்சி வாங்கும்போது இரண்டரை, விற்கும்போது இரண்டே முக்கால். கடையில் இரண்டு டேப் இருப்பதாகவும், மேசையின் இடப்பக்க இழுப்பறையில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று என்றும் தச்சர்கள் சொல்வார்கள். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்துக்கொள்ளாதே என்று உபாகமத்தில் மோசே தடுத்திருக்கிறார். டேப்பைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு டேப்பும் கடையோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் விஷயம். அடுத்தவர் மகள் சொந்தமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டால் அது ‘வளர்ப்பு’. தம் மகள் பார்த்துக்கொண்டால் ‘கர்த்தர் நடத்தின விதம்’. அடுத்தவர் வீடு கட்டினால் ‘உலக ஆசை’, தாம் மாடி எடுத்தால் ‘ஆசீர்வாதம்’. அடுத்தவருக்குச் சர்க்கரை வந்தால், “வாயைக் கட்டல்லன்னா இப்படித்தான்.” தமக்கு வந்தால் யோபுவுக்கு வந்த சோதனை.

கண்காணிப்பு வேலை லெந்து நாட்களில் உச்சத்துக்குப் போகும். அந்த நாற்பது நாளும் அண்ணாச்சி கறி தொடுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஊரறிய வைத்தவரும் அவரே. ஒரு லெந்தில், பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் வாலிபர் சங்கப் பையன் ஒருவன் நாட்டுக்கோழியோடு இருந்ததை அண்ணாச்சி கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். எந்த மேசை, எத்தனை பரோட்டா, சால்னா இரண்டாம் தடவை வாங்கினானா என்பது வரை விவரம் துல்லியம்.

பையன் கேட்டான், “நீங்க எதுக்கு அண்ணாச்சி அங்க வந்தீங்க?”

“ஏலே, உன்னைய மாதிரி ஆளுவ வாரானுவளான்னு பாக்கத்தான்லே போனேன்!”

“கையில பார்சல் இருந்துச்சே?”

“சும்மா உக்காந்து பாத்தா கடைக்காரன் என்ன நெனைப்பான்?”

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வழக்குகள் இன்னும் கூடும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தருவியில் நிற்கிறவனுக்குக் கோயில் மணி கேட்காது. எந்தெந்தக் குடும்பம் ஆராதனையை விட்டுவிட்டு அருவிக்குப் போனது என்ற பட்டியலை அண்ணாச்சி கிளை வாரியாகச் சொல்வார். ஐந்தருவியில் எந்தக் கிளையின் கீழ் யார் நின்றார்கள் என்று பொருள். இவ்வளவும் அவருக்குத் தெரிவது, விடிவதற்கு முன்னால் கூட்டமில்லாத நேரத்தில் போய் அவர் தலையைக் கொடுத்துவிட்டு வருவதால். பிறகு ஆராதனைக்கு நேரத்துக்கு வந்துவிடுவார். அருவியில் குளித்த உடம்பு பிரசங்கம் தொடங்கியதும் என்ன செய்யும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தூக்கம் என்று சொல்வதை அவர் ஏற்பதில்லை. அது தியானம்.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய்த் தடை வந்திருக்கிறது. வெளியூர்க்காரன் ஒருவன் சோப்பை வெளியே எடுத்தால் போலீஸ்காரருக்கு முன் அண்ணாச்சி விசில் அடிப்பார். அப்போது அவர் உடம்பில் மினுங்குவது எண்ணெய்தானே என்று கேட்டால், அது மூலிகை என்பார்.

பேரருவியைப் பார்த்திருப்பீர்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. அதனால்தான் அடியில் மனிதன் நிற்க முடிகிறது. வசனமும் அப்படி முதலில் சொல்கிறவனுக்குள் விழுந்து கொஞ்சம் சுழன்றுவிட்டு வெளியே வரவேண்டும். அண்ணாச்சியிடம் பொங்குமாகடல் கிடையாது. மேலேயிருந்து புறப்பட்டால் அடுத்தவன் மண்டைதான்.

இந்த இனம் நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படவும் வழியில்லை. லூக்கா பதினெட்டில் தேவாலயத்துக்குள் நின்று, தூரத்தில் நின்ற ஆயக்காரனைக் கண்ணால் அளந்துகொண்டே ஜெபித்த பரிசேயர் மூத்தவர். பனியன் 1678-இல் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையில் வேதத்தை வாயாலேயே சாப்பிடுகிற ஒருவன் வருவான். ஊருக்குப் பரிசுத்தவான், வீட்டுக்குப் பேய். அந்தக் கதையைத் தழுவித்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894-இல் வெளிவந்தது. அண்ணாச்சி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அதன் பிரதி ஒன்று உண்டு. ஞாயிறு பாடசாலையில் அவருக்குக் கிடைத்த பரிசு. தாள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு சகோதரன் தப்புச் செய்தால் என்ன செய்வது என்பதற்கு மத்தேயு பதினெட்டில் வரிசை சொல்லியிருக்கிறது. முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபை. அண்ணாச்சி இதை நன்றாகவே படித்திருக்கிறார், கீழேயிருந்து மேலே. முதலில் சபை முழுக்கத் தெரியும். அடுத்தபடி அண்ணாச்சி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு டீக்கடையில் விரிவாகப் பேசுவார். கடைசியில் சம்பந்தப்பட்டவனுக்கு அவன் மாமியார் வீட்டிலிருந்து போன் வரும்.

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு விவகாரம். பாடகர் குழுவில் டெனர் பாடுகிற பையன் பழைய குற்றாலம் போகிற வழியில் பீர் பாட்டிலோடு நின்றான். ஆறு மாதம் அவனை நிறுத்திவைக்க வேண்டும் என்று அண்ணாச்சி பிரேரணை கொண்டுவந்தார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது. ஐயர் இளவயதுக்காரர், அமைதியானவர். அவர் ஒரு கதை சொன்னார். நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் மோசே என்று ஒரு துறவி, முன்னாள் கொள்ளைக்காரர். தப்புச் செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூட்டம் போட்டு இவரைக் கூப்பிட்டார்கள். முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒழுகிற்று. இது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகிக்கொண்டு வருகின்றன, நான் பார்ப்பதில்லை. இன்றைக்கு இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்றாராம். கூட்டம் அந்தச் சகோதரனை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது.

கமிட்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“அது யாரு குடம் ஐயரே?”

“அண்ணாச்சி?”

“மடத்துக் குடம்னா ஓட்டை விழுந்தப்பவே ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கணும்லா? அங்கயும் கணக்கு சரியில்ல போல.”

பிரேரணை ஒரு ஓட்டில் தோற்றது. எந்த ஓட்டு என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

கோயிலில் ஆறு மின்விசிறிகள் அவர் உபயம். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் சிவப்பில் எழுதியிருக்கிறது; சுற்றும்போது படிக்க முடியாது என்பதால், ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம் பார்த்து அவரே சுவிட்சை அணைப்பார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் திருத்துகிறவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கோபுரம் பிளந்து வெகுகாலம் கிடந்து, 1990-இல் மறுபடி எழும்பியது. ஒரு ராஜா இன்னும் பிறக்காதவன் காலில் விழுந்திருக்கிறான் என்று ஐயர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். “அவனுக்கென்ன, ராஜா. விழுந்தாலும் கௌரவம் போகாது” என்றார் அண்ணாச்சி. இது நல்ல பதில் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இல்லாதப்பட்ட வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகை அண்ணாச்சி கடையிலிருந்து போகும். ராத்திரி இரண்டு மணியானாலும் அவரே எழுந்து வந்து ஷட்டரைத் தூக்குவார். வெள்ளை விழுந்த கட்டையைக் காவி பூசி வைரமென்று விற்கத் தெரிந்தவர், அன்றைக்கு நல்ல பலகையாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். பில் கிடையாது, உபயம் என்று எழுதுவதும் கிடையாது. பெட்டி மண்ணுக்குள் போவதால் எழுதிப் பிரயோஜனமில்லை என்று வாலிபர் சங்கத்தில் சொல்வார்கள். டீக்கடையில் மாலை ஆறு மணிக்குமேல் அண்ணாச்சியை நியாயந்தீர்ப்பதற்கென்றே அவர்கள் கூடுகிறார்கள். மூன்றாவது பெஞ்சுக்கு அடுத்த தலைமுறையில் ஆள் பஞ்சம் வராது.

அண்ணாச்சிக்கும் அவர் மச்சினனுக்கும் பேச்சு இல்லை. திருமண்டலத் தேர்தலில் மச்சினன் எதிர் அணிக்கு வேலை பார்த்ததிலிருந்து நல்லது கெட்டதுக்குக்கூட முகம் திருப்பித்தான். கோபம் துரும்பு, அது ஊறிப் பகையானால் உத்திரம் என்று அகஸ்டின் விளக்கம் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சியைக் கேட்டால், உத்திரம் மச்சினன் கண்ணில்தான் இருக்கிறது, அதன் மறுமுனை தம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்பார்.

போன ஆடியில் ஐயர் ஒருவழியாக மத்தேயு ஏழையே எடுத்துப் பிரசங்கித்தார். முப்பது நிமிஷம். துரும்பை எடுக்கவே வேண்டாம் என்று இயேசு சொல்லவில்லை, உத்திரத்தை எடுத்துப்போட்டால் கண் தெளியும், அப்புறம் துரும்பை நோகாமல் எடுக்கலாம் என்றார். அன்றைக்கு அண்ணாச்சி தியானத்தில் ஆழவில்லை. போனில் முழுவதையும் பதிவு செய்தார். வாசலில் ஐயர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயரே, பிரமாதம். ஆனா இதைக் கேக்க வேண்டியவன் ஒருத்தன்கூட இன்னைக்கு வரல்ல பாத்தியளா?”

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல், தேவைப்படுகிறவர்களாகப் பொறுக்கிப் பதினோரு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் பதினோரு பேருக்கும் அதைக் கேட்டவுடனே வேறு யாரோ ஒருவர் முகம்தான் மனசில் வந்திருக்கிறது. சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று பிரசங்கம் மத்தியானம் முழுக்கச் சுற்றியது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி போன் சத்தம் போட்டது. மச்சினன். இத்தனை வருஷத்தில் அவனிடமிருந்து வந்த முதல் செய்தி. அதே பிரசங்கம், கீழே ‘அத்தான் கட்டாயம் கேக்கணும்’ என்று ஒரு வரி.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஏட்டி, இங்க வா. உன் தம்பிக்குப் புத்தி வந்துட்டு. தப்பை உணர்ந்து அனுப்பியிருக்கான்.”

அண்ணாச்சி மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “அவன் உங்களைக் கேக்கச் சொல்லுதான்.”

“கூச்சம். நேரடியா மன்னிப்புக் கேக்க வாய் வரல்ல. எனக்குத் தெரியாதா அவனை?”

“அப்போ ஏதாவது பதில் போடுங்க.”

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்: ‘கேட்டேன். பதினெட்டாம் நிமிஷத்திலிருந்து நீ மறுபடி ஒருதரம் கேளு.’