எல்லாமே தோசை

எங்கள் வீட்டில் கண் பரிசோதனை பாட்டியின் பொறுப்பு. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டால் கண் நல்ல கண். கிட்டப்பார்வைக்காரன்தான் எல்லோரையும்விட நன்றாக நூல் கோப்பான் என்பது பாட்டிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேறு முறை: கரும்பலகையைத் தப்பாகப் படித்தால் முன் பெஞ்சு, அங்கேயும் தப்பினால் பிரம்பு.

1972-ல், நான் ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கு நிஜமாகவே ஒரு டாக்டர் வந்தார். ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக்காரர் 1862-ல் போட்ட எழுத்து அட்டை எங்கள் ஊர் வந்து சேர 110 வருஷம் ஆகியிருந்தது. அட்டைக்கும் பையனுக்கும் ஆறு மீட்டர் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை அவ்வளவு நீளமில்லை; அதனால் வாசற்படிக்கு வெளியே வராந்தாவில் நின்று படித்தோம். எனக்கு முன்னால் 17 பேர், எல்லோரும் உரக்கப் படித்தார்கள். என் முறை வந்தபோது கடைசி வரிவரை எனக்கு மனப்பாடம். வலது கண்ணைப் பொத்தி ஒரு தரம், இடது கண்ணைப் பொத்தி ஒரு தரம், குறள் ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னேன். இரண்டு கண்ணுக்கும் 6/6. முதுகில் ஒரு தட்டு வேறு.

இடது கண்ணுக்கு அட்டை மங்கலாகத்தான் தெரிந்தது. இடது கை மாதிரி இடது கண்ணும் கொஞ்சம் மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 19 வயதில் வலது கண்ணில் தூசி விழுந்து மூடிக்கொண்டபோது, எதிரே வந்த பஸ்ஸின் போர்டே காணாமல் போனது. “சோம்பேறிக் கண். ஏழெட்டு வயசுக்குள்ள வந்திருக்கணும் தம்பி” என்றார் டாக்டர். பிறகு என் கல்யாணத்தில், பட்டப்பகலில், அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரிகிறது என்றேன். அதிலும் பாஸ்.

போன வருஷம் பேத்தியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மூன்றரை வயது, எழுத்து தெரியாது. அதனால் என்ன? ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று நாலே படம். பின்லாந்து டாக்டர் லியா ஹுவாரினென் உருவாக்கியது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம், மடியில் இருக்கிற அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். இவள் வட்டத்தைத் தோசை என்றாள். “தோசைன்னே சொல்லும்மா” என்றார் பரிசோதித்த பெண். விரலிடுக்கில் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு கண்ணை பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார்கள். படம் சிறிதாகிக் கண்ணுக்கு எட்டாமல் போனால் நாலும் ஒரே மாதிரி உருண்டையாக மங்கும்படி வரைந்திருக்கிறார்களாம்.

இடது கண்ணை ஒட்டியபோது எல்லாம் சரி. வலது கண்ணை ஒட்டினார்கள்.

“இது?”

“தோசை.”

“இது?”

“தோசை.”

வீடும் தோசை, ஆப்பிளும் தோசை. அப்புறம் சொட்டு மருந்து, ஒரு மணி நேரக் காத்திருப்பு, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது, கடைசியில் பில். இடது கண்ணுக்கு பிளஸ் மூன்று. பாட்டியின் ஊசி ஓசி.

இப்போது கண்ணாடியோடு தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடுகிறோம். பிய்த்துப் போடாமல் இருக்க, துணைக்கு நானும் வலது கண்ணில் ஒன்று ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன். அவள் அப்பா வரைந்து கொடுத்த நாலு படத்தையும் சுவரோரம் நின்று தூக்கிக் காட்டி, “தாத்தா, இது என்ன?” என்கிறாள். அவளுக்கு இந்தத் தூரத்திலிருந்து ஆப்பிள் ஆப்பிளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு நாலும் தோசைதான்.