மைலேஜ் அளக்கும் பெரியோர்களுக்கு

பெறுநர்: இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் (ஏ.ஆர்.ஏ.ஐ.), புனே.



கோவையில் எந்த கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் தங்கள் பெயரைச் சொல்லித்தான் வண்டி விற்கிறார்கள். 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று ஓர் எண், அதுவும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை. அந்த இரண்டு இலக்கத்தின் மேல் எங்களுக்கு அபார மரியாதை. அதைப் பொய் என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அது சுத்தமான உண்மை. என்ன, அந்த எண் பிறக்கும் பயணத்தை இதுவரை யாரும் போனதில்லை.

பயணம் இப்படி. மூடிய அறை, வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். கார் உருளைகளின் மேல் நிற்க, காற்றின் எதிர்ப்பையும் வண்டியின் எடையையும் அந்த உருளைகளே பாவனை செய்யும். நகரப் பகுதி என்ற பெயரில் 195 விநாடி நாடகம் ஒன்று நான்கு முறை அரங்கேறும். அடுத்த 400 விநாடி ஊருக்கு வெளியே ஓடுவதாகப் பேச்சு. மொத்தம் 1180 விநாடி, சுமார் பத்தரை கிலோமீட்டர். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலமும் ஏறக்குறைய அதே நீளம்தான். நகரப் பகுதியில் பூஜ்யத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 விநாடி அவகாசம் உண்டு. அதற்குள் காந்திபுரம் டவுன் பஸ் இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு முந்திப் போயிருக்கும். உச்ச வேகம் 90. ஏசி அணைந்தே இருக்கும். மேடு என்பதே கிடையாது. டேங்கையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனை எண்ணி, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுகிறீர்கள். அறிவியலாக இதில் ஒரு குறையும் இல்லை. பங்க்கில் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்கும் எங்கள் 'ஃபுல் டு ஃபுல்' முறை இதைவிட முரடுதான். பம்பு ஒரு லிட்டர் முன்னதாக நின்றுவிட்டால் முப்பது லிட்டரில் மூன்று சதவீதம் பிசகும். ஆனால் நாலைந்து டேங்க் கணக்கைச் சேர்த்து வகுத்தால் அந்தப் பிசகு கரைந்துபோகிறது. தங்கள் எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும் கரைவதில்லை.

மேட்டுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம். ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்கவே சுமார் 17 மெகாஜூல் வேண்டும். எஞ்சின் நாலில் ஒரு பங்கை வேலையாக மாற்றினால், தூக்குகூலி மட்டும் இரண்டு லிட்டர் பெட்ரோல். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சாலையில், சமதரையில் லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். இறங்கும்போது மீதி கிடைக்குமே என்பார்கள். கொஞ்சம் கிடைக்கும். பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிப் போய்விடும்.

இந்த எண் ஒப்பிடுவதற்குத்தானே, ஜோசியம் பார்க்கவா என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பீடும் இங்கே கோணலாகிறது. ஏசியின் சுமை பெரிய எஞ்சினைவிடச் சின்ன எஞ்சினை அதிகம் அழுத்தும். நெரிசலில் ஹைபிரிட் ஒரு கணக்கு, சாதாரண வண்டி வேறு கணக்கு. ஏசி அணைந்த சமதரையில் முதலிடம் வாங்கிய கார், ஏப்ரல் மாத சிங்காநல்லூர் சிக்னலில் இரண்டாமிடத்துக்குப் போகலாம். ஓட்டுபவரைப் பொறுத்தது என்பது அடுத்த பதில். அப்படியானால் புள்ளிக்குப் பின்னால் அந்த இரண்டு இலக்கம் எதற்கு? விதியை எழுதுவது டெல்லி, நாங்கள் அளந்து கொடுக்கிறோம் என்பது மூன்றாவது. அதனால்தான் இந்தக் கடிதத்தின் நகல் டெல்லிக்கும் போகிறது. எத்தனால் கலந்த E20 பெட்ரோலைப் பற்றி நீட்டவில்லை. பழைய நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் சொல்லிவிட்டது.

கோவை பம்ப் செய்யும் ஊர். இங்கே எந்த விவசாயியும் பம்ப் எவ்வளவு தண்ணி தள்ளும் என்று மட்டும் கேட்டு வாங்குவதில்லை. எத்தனை அடி ஹெட்டுக்கு, அதாவது தண்ணி ஏற வேண்டிய உயரத்துக்கு, எவ்வளவு என்றுதான் கேட்பார். கம்பெனியும் ஹெட் வாரியாக அட்டவணை அச்சடித்துத் தருகிறது. ஒரே எண்ணோடு போனால் எங்கள் பொள்ளாச்சிக்காரர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதே மனிதர் பத்து லட்சம் கொடுத்து வாங்கும் காருக்கு மட்டும் ஒற்றை எண் போதும் என்று யார் முடிவு செய்தது? தாங்கள் பின்பற்றும் முறையின் மூலம் ஐரோப்பாவினுடையது. அங்கே 120 ஆக இருந்த உச்ச வேகத்தை இங்கே 90 ஆக்கிக்கொண்டோம். அந்தப் பழைய முறையிலேயே அவர்கள் நகருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, இரண்டும் சேர்த்து ஒன்று என மூன்று எண் வெளியிட்டார்கள். அமெரிக்கா 2008 மாடல் கார்களிலிருந்து ஏசி, அதிவேகம், குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. தாங்களும் இரண்டு பகுதியாகத்தான் ஓட்டுகிறீர்கள். வாங்குபவன் கண்ணில் படுவது இரண்டும் சேர்ந்த ஒற்றை எண் மட்டும்.

ஆகவே புதுக் கருவி எதுவும் கேட்கவில்லை. நகர எண்ணைத் தனியாக அச்சிடுங்கள். ஏசி பொத்தானை ஒருமுறை அழுத்தி இன்னொரு எண். மலைக்கு ஒரு வரி. உருளைகளுக்குக் கொஞ்சம் சுமை கூட்டினால் அதுவும் முடிந்தது. குன்னூர் வரை தாங்கள் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஃபுல் டு ஃபுல் கணக்கெழுதும்
கொங்குநாட்டுக் கார்க்காரர்கள் சார்பில் ஒருவன்