பெர் யூனிட் தம்பி

ஜூன் பிறந்தால் எங்கள் 110 கேவி துணைமின் நிலையத்துக்கு இரண்டு வரத்து உண்டு. ஒன்று காற்றாலை மின்சாரம். இன்னொன்று, எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் படித்துக்கொண்டு இன்டர்ன்ஷிப்புக்கு வரும் தம்பி. முன்னது எப்போது வரும், எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. தம்பி மட்டும் சரியாக முப்பது நாள்.

வருஷா வருஷம் முகம்தான் மாறும். தோளில் லேப்டாப், அதற்குள் மேட்லாப், மனசுக்குள் நியூட்டன்-ராஃப்சன். 118 பஸ் உள்ள மின்கட்டமைப்பை உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவிட்டு வந்திருப்பான். ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக 2013 டிசம்பர் 31-இல் தென்னகம் மற்ற கட்டமைப்போடு கைகோத்த கதையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அப்படிப்பட்டவன், நிஜ பஸ், அதாவது லைன்களெல்லாம் வந்து சேரும் கம்பி, தன் தலைக்கு மேலேயே ஓடுவது தெரியாமல் அதற்கு நேர்கீழே நின்று, வெயிலுக்குக் குடையை விரித்தான்.

"மடக்குய்யா அதை!"

வயர்மேன் போட்ட சத்தத்தில் பிரேக்கரே டிரிப் ஆகியிருக்கும். யார்டுக்குள் குடை, ஏணி எதையும் நிமிர்த்திப் பிடிக்கக் கூடாது. 110 கேவியைத் தொட்டால்தான் அடிக்கும் என்றில்லை. கிட்டப் போனாலே அது நம்மிடம் வந்துவிடும்.

தம்பிக்கு எல்லாமே பெர் யூனிட். அசல் அளவை ஓர் அடிப்படை அளவால் வகுத்துவிட்டால் 110 கேவியும் ஒன்று, 11 கேவியும் ஒன்று. கணக்குக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீ எப்படி என்று கேட்டாலும் "0.9 சார்" என்றால் டீக்கடைக்காரர் என்ன செய்வார்? ஒருநாள் வாய் சும்மா இராமல், "மாசம் எவ்வளவு தர்றாங்க தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"மைனஸ் ஒன், சார்."

பயிற்சிக்கு அவன்தான் பீஸ் கட்டியிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் தம்பி சுற்றிச் சுற்றி வருவான். புத்தகத்தில் அது ஒரு ஆர், ஒரு எக்ஸ், நாலு கோடு. இங்கே எண்ணெய் வாசனையோடு முனகிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் தொங்கும் ப்ரீதரைக் காட்டினேன். கண்ணாடிக்குள் நீல நீலமாக சிலிக்கா ஜெல் மணிகள். உள்ளே போகும் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஸ் ஆகும். ரோஸ் ஆனால் எடுத்து வறுத்து மறுபடி போட வேண்டும்.

"வறுக்கணுமா? எதுல சார்?"

"கடாய்லதான்."

நோட்டை மூடிவிட்டான். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பேட்டரி அறையில் இரண்டிரண்டு வோல்ட்டாக 55 செல். ஊரே இருண்டாலும் பிரேக்கரைத் தட்டிவிட இந்த 110 வோல்ட் டிசி வேண்டும். ஒவ்வொரு செல்லாக அளக்கச் சொன்னோம், அளந்தான். லாக்புக் எழுதச் சொன்னோம். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டோம். புரட்டிப் பார்த்தவன், "சார், ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணி ரீடிங் மூணும் ஒரே மூச்சுல எழுதின மாதிரி இருக்கே?" என்றான். அது என் ஷிஃப்ட். அவனை உடனே டீ வாங்க அனுப்பினேன்.

சர்டிஃபிகேட் வாங்கிப் போன மறுவாரம் போன் வந்தது.

"சார், எங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்ல. ஒரு மணி நேரத்தை பேஸா வச்சா 0.75 ஆச்சு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது: "பீஸ் போயிருக்கும்டா, போய்க் கட்டு!"

"அதான் போன மாசமே கட்டிட்டேனேம்மா!"